பிறந்தநாளைக் குலுக்கி எடுத்த அரசு

பத்தாம் வகுப்பில் வியட்நாம் போரைப் பற்றி ஒரு அசைன்மென்ட் தந்தார்கள். அப்பா பிறப்பதற்கு முன்னரே தொடங்கிய போர், எனக்கென்ன என்ற நினைப்போடுதான் கன்பரா போர் நினைவகத்தின் இணையத்தளத்தைத் திறந்தேன். அங்கே ஒரு பட்டியல். வெறும் தேதிகள். என் பிறந்தநாளும் அதில் இருந்தது.

விஷயம் இதுதான். 1964 நவம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் ரொபேர்ட் மென்சீஸ் கட்டாய இராணுவ சேவையை அறிவித்தார். இருபது வயதாகும் ஆண்கள் பதிய வேண்டும். ஆனால் இராணுவத்துக்கு எல்லோரும் தேவையில்லை. யார் போவது என்பதை லொத்தர் குலுக்குகிற பீப்பாயிடம் விட்டார்கள். முதல் குலுக்கல் 1965 மார்ச் 10. 1945 ஜனவரி முதல் ஜூன் வரை பிறந்தவர்களின் முறை. 181 நாட்கள், எண் எழுதிய 181 மர உருண்டைகள். அம்மா ஊரில் விளையாடியதாகச் சொல்லும் போளை மாதிரி. உங்கள் நாளுக்குரிய போளை வெளியே வந்தால் இரண்டு வருடம் இராணுவம். வராவிட்டால் வேலைக்குப் போகலாம், கலியாணம் கட்டலாம்.

ஏழு வாரம் கழித்து, வியட்நாமுக்கு ஒரு படையணி போகிறது என்று மென்சீஸ் பாராளுமன்றத்தில் சொன்னார். 1972 வரை இப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் 15,300க்கும் மேற்பட்டோர் அங்கே போனார்கள். 200 பேர் உயிரோடு திரும்பவில்லை.

அன்றைக்கு வாக்களிக்கும் வயது 21. போளை உருளும்போது அந்தப் பெடியனுக்கு வாக்கே இல்லை. இதை வாசித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

இத்தனைக்கும் இதே நாடு முதலாம் உலகப் போரின்போது மக்களிடம் கேட்டிருக்கிறது. பிரதமர் பில்லி ஹியூஸ் 1916இல் கட்டாய ஆட்சேர்ப்புக்கு வாக்கெடுப்பு வைத்தார். 1,160,033 பேர் வேண்டாம் என்றார்கள், 1,087,557 பேர் வேண்டும் என்றார்கள். விடாமல் 1917இலும் கேட்டார். 'வேண்டாம்' இன்னும் கூடியது. 1964இல் யாரும் கேட்கவில்லை.

1965இல் சிட்னியில் சில அம்மாமார் 'சேவ் அவர் சன்ஸ்', அதாவது எங்கள் மகன்களைக் காப்பாற்றுங்கள், என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். மற்ற நகரங்களுக்கும் அது பரவியது. பதாகையோடு பேசாமல் நிற்பார்கள். கம்யூனிஸ்ட் என்று ஏச்சு, பிள்ளைகளைப் பார்க்காமல் ரோட்டில் நிற்கிறார்கள் என்று ஏச்சு. நாட்டில் பெரும்பாலானோர் அப்போது அவர்கள் பக்கம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1966 தேர்தலில் கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்த லேபர் கட்சி படுதோல்வி அடைந்தது. அதே நவம்பரில், போருக்குப் போக மாட்டேன் என்ற பில் வைட் என்ற சிட்னி ஆசிரியரைப் பொலிஸ் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனது.

அம்மா வன்னியில் வளர்ந்தவர். கட்டாய ஆட்சேர்ப்பு என்றால் என்ன என்று நான் அவருக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த அம்மாமாருக்கு ஆரும் அடிச்சவையோ?" என்றார்.

"அடிச்சதா தெரியேல்ல அம்மா. மறியலில போட்டவை" என்றேன். 1971இல் மெல்பேர்னில், அரசாங்க அலுவலகத்துக்குள் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காக ஐந்து பெண்களுக்கு 14 நாள் சிறைத்தண்டனை கிடைத்தது.

அதற்கு முந்தைய வருடமே கூட்டம் பெருகிவிட்டது. 1970 மே 8ஆம் திகதி மெல்பேர்ன் ஊர்வலத்தை எம்.பி. ஜிம் கேர்ன்ஸ் முன்னின்று நடத்தினார். வந்தவர்கள் 70,000 முதல் 100,000 வரை என்கிறார்கள். நான் டிராமில் போகும் அதே பேர்க் ஸ்ட்ரீட்டில் அவ்வளவு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

இதனால்தான் போர் நின்றது என்று அசைன்மென்டில் எழுதினேன். ரீச்சர் அதில் வட்டம் போட்டார். அவர் சரி. படையைக் குறைக்கப் போவதாக அரசு ஏப்ரலிலேயே சொல்லியிருந்தது, அமெரிக்காவும் அப்போது விலகத் தொடங்கியிருந்தது. ஆனால் கட்டாய ஆட்சேர்ப்பு நின்றது வேறு கதை. அதை நிறுத்துவேன் என்று சொன்ன கோஃப் விட்லம் 1972 டிசம்பர் 2ஆம் திகதி தேர்தலில் வென்றார். சில நாட்களுக்குள் ஆட்சேர்ப்பை நிறுத்தி, மறுத்துச் சிறையில் இருந்தவர்களையும் வெளியே விட்டார்.

வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது 1973 மார்ச்சில். முதல் குலுக்கலில் போளை விழுந்தவர்களுக்கு அப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயது.