உண்ணும் சோறு எவ்வூர்ச் சோறு?

தன் குலம் யாது, கோத்திரம் யாது என்று ஆராய்வதில் மனிதன் செலவிட்ட காலம் கொஞ்சமன்று. அதில் நூற்றிலொரு பங்கையேனும், தன் இலையில் விழும் சோறு எந்த மண்ணில் விளைந்தது, எவர் கைப்பட்டு வந்தது என்று ஆராய்வதில் அவன் செலவிட்டானில்லை. கடல் கடந்து வந்து காடழித்துத் தோட்டம் கண்ட நம்மவர்க்கு இக்கேள்வி மிகவும் வேண்டுவதொன்று. பேரா மாநிலத்தின் தென்பால், தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் இடையே கிடக்கும் பீடோரை எண்ணிப் பாருங்கள். ஈயச் சுரங்கத்தாலும் ரப்பராலும் வளர்ந்த சிற்றூர் அது. இன்று அவ்வழிச் செல்வோர் வண்டியை நிறுத்திக் கொய்யா வாங்காமற் போவது அரிது. தன் மண்ணில் விளைந்ததைக் கொண்டே பெயர்பெற்றிருக்கும் இவ்வட்டாரம், நெடுங்காலம் தன் சோற்றுக்கு இரங்கூனையும் பாங்காக்கையும் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை இன்றைய இளைஞர் அறியார்.

சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் மலாயா உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தது. இதற்குக் காரணம் மண்ணின் குற்றமன்று. பேராவிலேயே கிரியான் வட்டாரத்துப் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் 1906இல் முடிவுற்று நெல் விளைவித்துக்கொண்டிருந்தது. ஒரு ஏக்கர் ரப்பர் தரும் வெள்ளியை ஒரு ஏக்கர் நெல் தராது. இரங்கூன் அரிசியோ மலிவு. ஆகவே ரப்பரை விற்று அரிசியை வாங்குக என்பது முதலாளிகளின் கணக்கு. கணக்கு பிழையற்றதுதான். கப்பல் வாராத ஆண்டு ஒன்று வருமென்பது மட்டும் அதில் எழுதப்படவில்லை.

கப்பல் நின்றதனால் வந்த கேட்டைக் கூறுமுன், கப்பல் வந்ததனால் வந்த கேடொன்றைக் கூறவேண்டும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் 'பெரிபெரி' என்னும் நோயால் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து மாண்டனர். அதே நாட்டில், அதே மழையிலும் வெயிலிலும் உழைத்த தமிழரை அந்நோய் ஏறக்குறைய அணுகவேயில்லை. கம்பத்து மலாய்க் குடியானவரும் தப்பினர். இந்த விந்தையை உற்றுநோக்கிய டாக்டர் பிராடன் என்பார் 1907இல் தம் நூலை வெளியிட்டார். சுரங்கத்தார் உண்டது ஆலையில் தீட்டி வெளுத்து, மூட்டையில் நாட்பட்ட வெளிநாட்டுப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. மலாய்க் குடியானவர் உண்டது தம் வயலில் விளைந்து, அன்றாடம் உரலில் குத்திய அரிசி. கெட்ட அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறதென்று பிராடன் கருதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவரோ நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்து, நஞ்சு ஏதுமில்லை, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என்னும் முடிவுக்கு 1909இல் வழிகாட்டினர்.

உள்ளூர் அரிசி என்பதனாலேயே அதற்கு மந்திரசக்தி இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுவோம். இரங்கூன் நெல்லையும் புழுக்கினால் அது காக்கும். கிரியான் நெல்லையும் வெள்ளையாகத் தீட்டினால் அது கொல்லும். ஆனால் தொலைவிலிருந்து வரும் பண்டம் கெடாமலிருக்கவும், கண்ணுக்கு அழகாயிருக்கவும் என்னென்ன செய்யப்படுகிறதோ அதனை உண்பவன் அறியான். பக்கத்து வயலில் விளைந்ததை உண்பவன் அறிவான். இவ்வளவே வேற்றுமை. எனினும் நம் பாட்டிமார் விடாது பற்றிய புழுங்கலரிசிப் பழக்கம் எத்தனை உயிரைக் காத்தது! பழக்கங்களையெல்லாம் பழித்துப் பேசும் நம்மவரும் இந்த ஒன்றுக்கு நன்றி சொல்லலாம். ஏன் நல்லதென்று ஆராய்ந்தறிந்த பின் அது மூடப்பழக்கமாகாது.

இனிக் கப்பல் நின்ற கதை. 1918இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மா அக்காலத்தில் இந்திய சர்க்காரின் கீழிருந்த ஒரு மாகாணம், 1937இல்தான் பிரிந்தது. தன் மக்களுக்கே தானியம் போதாதெனக் கண்ட இந்திய சர்க்கார் பர்மா அரிசியின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1919இல் சயாமிலும் விளைச்சல் பொய்க்க, அங்கும் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. மலாயாவில் அரிசி விலை ஏறிற்று. சர்க்கார் தானே வாங்கி, நட்டத்திற்கு விற்றுப் பங்கிட நேர்ந்தது. தோட்டங்களும் உணவுப்பயிர் இடவேண்டுமென்று வற்புறுத்தப்பட்டது. 1921க்குப் பின் அரிசி மலிந்தது, வற்புறுத்தலும் மறைந்தது.

அக்காலத்து அச்சத்தின் எச்சமோ என்னவோ, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இடம்பெற்றது. குடும்பத்தோடு வாழும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் காய்கறி பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தோட்டத்தார் ஒதுக்க வேண்டும் என்பது அவ்விதி. கணக்கிட்டால் ஏறத்தாழ 2,720 சதுர அடி. லயத்துக்குப் பின்னே கீரையும், வெண்டையும், பாகலும், புடலும் படர்ந்தது இவ்வாறே. ஆனால் அந்த நிலம் உழுதவனுக்குச் சொந்தமன்று. வேலை போனால் லயம் போகும், லயம் போனால் பாத்தியும் போகும். நாளை எங்கிருப்போமென்று அறியாதவன் மூன்று வாரத்தில் பறிக்கும் கீரை விதைப்பானா, பல ஆண்டு கழித்துக் காய்க்கும் பலா நடுவானா? 1930 முதல் 1932 வரையிலான மந்தக் காலத்தில் ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டபோது அவர்தம் பாத்திகள் யார் கைக்குப் போயின என்று எவரும் எழுதிவைத்திலர். அதே மந்தத்தில் கிந்தா முதலிய ஈய வட்டாரங்களில் வேலையிழந்த சீனர், தற்காலிக உரிமச் சீட்டைப் பெற்றும் பெறாமலும், கைவிடப்பட்ட சுரங்க நிலங்களில் காய்கறி போட்டுப் பிழைத்தனர். அவர்க்கும் நிலம் உறுதியன்று. ஆயினும் விளைந்ததை விற்கும் சந்தை அவர்கையில் இருந்தது. நம்மவர் கையில் இருந்தது கடைக்காரன் எழுதிய கடன் புத்தகம்.

1942 ஜனவரி முதல் வாரத்தில் கம்பாரில் போரிட்டுப் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பீடோர் வழியே தெற்கு நோக்கிச் சென்று, 7ஆம் நாள் சிலிம் ரிவரில் முறிந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டு இரங்கூன் அரிசியைக் கனவில்தான் காணவேண்டியதாயிற்று. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே சோறாயின. சயாம் மரண ரயிலுக்கு ஆடவர் பல்லாயிரவர் இழுத்துச் செல்லப்பட்ட தோட்டங்களில், மண்வெட்டி பிடித்து மரவள்ளி நட்டுப் பிள்ளைகளைக் காத்தவர் பெண்களே. வீரர்க்குச் சிலை வைக்கும் நாடு இவர்க்கு என்ன வைத்தது?

பின்னர் 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. நிலமிழந்தாரைக் காக்க 1960இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் காசைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிற்று. அரிய செயல், ஐயமில்லை. அங்கும் விளைந்தது ரப்பரும் செம்பனையுமே. உணவைப் பிறர் விளைப்பர், நாம் காசு விளைப்போம் என்னும் பழைய கணக்கு நம் நெஞ்சிலும் வேரூன்றிவிட்டது போலும்.

கெடாவில் மூடா நீர்ப்பாசனம் 1970இல் நிறைவேறி இருபோகம் விளைந்த பின்னரும், நாட்டின் அரிசித் தேவையில் உள்நாட்டில் விளைவது பாதிக்குச் சற்று மேற்பட்டதே. 2023 ஜூலை 20இல் இந்தியா பாஸ்மதியல்லாத வெள்ளையரிசியின் ஏற்றுமதியைத் தடுத்தது. செப்டம்பர் 1 முதல் இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாயிற்று. பத்துக் கிலோ 26 வெள்ளிக்கு விற்ற உள்ளூர் அரிசியை அதுவரை ஏளனமாய்ப் பார்த்தவரும் தேடி ஓட, அது கடைகளில் காணாமற் போயிற்று. நூறாண்டுக்கு முன் அரிசியை நிறுத்தியதும் இந்தியா. இப்போது நிறுத்தியதும் இந்தியா. தன் மக்களுக்கு முதலில் சோறு என்று எண்ணும் அரசை நாம் குறைகூற முடியாது. ஓராண்டு முழுதும் உள்ளூர் அரிசியை வாங்கி உழவனை நிற்கவைக்காமல், தட்டுப்பாடு வந்த வாரத்தில் மட்டும் அவனைத் தேடுவது என்ன நியாயம்?

எல்லாம் உள்ளூரிலேயே என்று நாம் பிடிவாதம் பேசவில்லை. வெங்காயமும் பருப்பும் இந்த மழைநாட்டில் நன்கு விளைவதில்லை. அவற்றை வாங்கத்தான் வேண்டும். ஆனால் கீரையும், கத்தரியும், வாழையும், முருங்கையும் விளையாத இடம் பீடோரில் எது? தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல இன்று 20 அடி அகலமும் 60 அடி நீளமுமான மனைகளில் மலிவு வீடுகளில் வாழ்கின்றன. 1923ஆம் ஆண்டு விதி பாத்திக்கு ஒதுக்கிய நிலத்தில் பாதியளவும் இல்லை, வீடும் உட்பட. ஆயினும் கொல்லைப்புறத்துச் சிமிட்டித் தரையில், பழைய சாயத் தகரத்தில், கறிவேப்பிலைச் செடி ஒன்றையேனும் வளர்க்காத வீட்டைக் காண்பது அரிது.