எடை மட்டுமே வாயிலா? இந்தியச் சிறாரின் நீரிழிவு அபாயத்தைத் தேடும் முறை குறித்து

முன்னுரை

பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. குளிர்பானத்திலும் நொறுக்குத் தீனியிலும் எவ்வளவு சர்க்கரை ஒளிந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்பது நோக்கம். சிறாரிடையே இரண்டாம் வகை நீரிழிவு பெருகுவதையே வாரியம் இதற்குக் காரணமாகச் சொன்னது. பயனுள்ள முயற்சிதான். ஆனால் இத்தகைய முயற்சிகள் பலவற்றின் அடியில் ஒரு முன்முடிவு கிடக்கிறது: நீரிழிவுக்கு ஆளாகப்போகிற பிள்ளை பருத்த பிள்ளை என்பதே அது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பரிந்துரையும் எடையிலிருந்துதான் தொடங்குகிறது. அதன்படி, அறிகுறி ஏதும் இல்லாத பிள்ளை முதலில் மிகை எடையுடன் இருக்க வேண்டும். குடும்ப வரலாறு, தாயின் கர்ப்பகால நீரிழிவு போன்றவை அதற்குப் பின்பே கணக்கில் வருகின்றன. இந்தியச் சூழலில் இந்த வரிசை தலைகீழாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். தேடல் பிறப்பு வரலாற்றிலும் வளர்ச்சியின் போக்கிலும் தொடங்க வேண்டும். எடை அதற்கு அடுத்தபடியாக வரலாம்.

கணக்கு இடிக்கும் இடம்

2016–18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 10 முதல் 19 வயது வரையிலான வளரிளம் பருவத்தினரில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினர் மெலிந்தவர்கள் என்றும் 5 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள் என்றும் கண்டது. அதே ஆய்வில் பத்தில் ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தது. பருத்தவர்கள் அத்தனை பேருக்கும் சர்க்கரை கூடியிருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், கூடிய சர்க்கரை உள்ளவர்களில் பாதிப் பேர் பருமன் இல்லாதவர்கள் என்றாகிறது.

இந்த எண்ணை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பருவமடையும் காலத்தில் இன்சுலினின் செயல்திறன் இயல்பாகவே சற்றுக் குறையும். இரும்புச்சத்துக் குறைவு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையின் அளவை உயர்த்திக் காட்டும். ஒருமுறை பார்த்த அளவைக் கொண்டு ஒரு பிள்ளையை நோயாளி என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எடையை வாயிலாக வைத்தால் பலர் வெளியிலேயே நின்றுவிடுவார்கள் என்ற முடிவை இந்தத் திருத்தங்கள் அசைத்துவிடவில்லை.

கருவறையும் முதல் பத்தாண்டும்

இதற்கான விளக்கத்தை இந்தியாவின் தொடர் ஆய்வுகள் தருகின்றன. மருத்துவ ஆய்வாளர் சி. எஸ். யாஜ்னிக் குழுவினர் புனே அருகிலுள்ள சிற்றூர்களில் 1990களிலிருந்து தாய்மாரையும் பிள்ளைகளையும் பின்தொடர்ந்து வருகின்றனர். அங்கே நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ; ஒப்பிடப்பட்ட இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. தசையிலும் வயிற்று உறுப்புகளிலும் புனே குழந்தைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். தோலடிக் கொழுப்பில் அந்த அளவு பின்தங்கவில்லை. தராசு மெலிவு என்று சொல்லும் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருந்தது. தசை குறைந்தால் சர்க்கரையை வாங்கிச் செலவிடும் இடம் சுருங்குகிறது. உடல் நிறைக் குறியெண் தசையையும் கொழுப்பையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதால் இந்த வேறுபாடு அதில் தெரிவதில்லை.

டெல்லித் தொடர் ஆய்வு (2004) இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 1969–72இல் பிறந்த 1,492 பேரை 26 முதல் 32 வயதில் சோதித்தபோது 4.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 10.8 விழுக்காட்டினருக்குச் சர்க்கரையைத் தாங்கும் திறனில் குறைவும் இருந்தன. இவர்கள் இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பிறகு தம் வயதொத்தவர்களைவிட முன்கூட்டியே சதைபோடத் தொடங்கி, தொடர்ந்து எடை கூடிவந்தவர்கள். ஆயினும் 12 வயதில் இவர்களில் ஒருவர்கூடப் பருமன் வரம்பைத் தொடவில்லை. அந்த வயதில் பள்ளியில் நிறுத்தி எடை பார்த்திருந்தால் எவரும் ‘பருமன்’ என்று பதிவாகியிருக்க மாட்டார்கள். ஒரு நாளின் எடையைவிட வளர்ச்சிக் கோடு எப்படி ஏறியது என்பதே அவர்களுடைய அபாயத்தைச் சொன்னது.

பருமன் மிகுந்த சமூகத்திலும் கருவறையின் பங்கு தனித்துத் தெரிகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடையே, ஒரே தாயின் பிள்ளைகள் ஒப்பிடப்பட்டனர். தாய்க்கு நீரிழிவு வந்த பின் பிறந்த பிள்ளைகளுக்கு, அதற்கு முன் பிறந்த அண்ணன் அக்காமார்களைவிட நீரிழிவு அபாயம் பல மடங்கு கூடுதலாக இருந்தது. பெற்றோர் ஒருவரே, வீடும் உணவும் ஒன்றே. ஆகவே மரபு மட்டுமே காரணம் என்று ஒதுங்கிவிட வழியில்லை; சூலிலிருந்த பிள்ளையைச் சென்றடைந்த தாயின் சர்க்கரையும் ஒரு காரணம்.

மருத்துவமனையில் நேரும் பிழை

எடையை நம்பும் பழக்கம் நோயின் வகையைப் பிரிப்பதிலும் இடறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இளையோர் நீரிழிவுப் பதிவேட்டில் 25 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 64 விழுக்காட்டினர் முதல் வகை. சுமார் 25 விழுக்காட்டினர் இரண்டாம் வகை. மெலிந்த பிள்ளை என்றால் முதல் வகை, பருத்த பிள்ளை என்றால் இரண்டாம் வகை என்பது வசதியான ஊகம். ஆனால் இரு திசையிலும் பிழைக்கக்கூடியது. நோயெதிர்ப்புச் சிதைவைக் காட்டும் எதிர்ப்பொருள் சோதனையும், கணையத்தின் சுரப்பை அளக்கும் சி-பெப்டைடு சோதனையுமே ஐயத்தைத் தீர்க்கும்.

இளம் வயது ஊட்டக்குறைவோடு தொடர்புடைய நீரிழிவு இன்னொரு சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 1985இல் இதைத் தனி வகையாக ஏற்று, சான்று போதாதென்று 1999இல் நீக்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு, இந்நோயாளிகளிடம் இன்சுலின் எதிர்ப்பைவிடச் சுரப்புக் குறைவே முதன்மையானது எனக் காட்டியது. 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என ஏற்றது. விவாதம் இன்னும் முடியவில்லை. எனினும் முதல் வகை என்று எண்ணி இவர்களுக்கு முழு அளவில் இன்சுலின் ஏற்றினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம் என்பதால், பெயர்ச் சண்டைக்கு அப்பாலும் இதற்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டு.

தாமதத்தின் விலை

இவ்வளவு முன்கூட்டித் தேட வேண்டுமா என்ற கேள்விக்கு, அமெரிக்காவில் 10 முதல் 17 வயதில் இரண்டாம் வகை நீரிழிவு வந்த 699 பேரிடம் நடந்த ‘டுடே’ ஆய்வு விடை சொல்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அம்மருந்து கட்டுப்பாட்டைத் தக்கவைக்கவில்லை. சராசரியாக 26 வயதை எட்டியபோது 60 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகம், கண், நரம்பு போன்றவற்றில் ஒன்றிலேனும் நுண்குழாய்ச் சிக்கல் ஏற்பட்டிருந்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரத்தக் கொதிப்பு. இளமையில் வரும் இரண்டாம் வகை, பெரியவர்களின் நோய் சற்று முந்தி வந்ததல்ல, அதைவிட வேகமானது. இவர்கள் அனைவரும் பருத்தவர்கள் என்பதால் இந்த எண்களை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த முடியாது. என்றாலும் காத்திருக்க நேரமில்லை என்ற பாடம் பொதுவானது.

மறுப்பும் மாற்றும்

‘அப்படியானால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரத்தச் சோதனையா?’ என்று கேட்கலாம். வேண்டாம், செலவும் அச்சமும் மிகும், கிடைக்கும் பயன் குறைவு. எடை வரம்பைக் குறைத்தால் போதாதா என்றும் கேட்கலாம். இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2015 வளர்ச்சி வரைபடம், பெரியவர்களின் உடல் நிறைக் குறியெண்ணுக்கான 23, 27 என்ற ஆசிய வரம்புகளுக்கு இணையான கோடுகளை ஏற்கெனவே கொண்டுள்ளது. அது முன்னேற்றம்தான். ஆனால் வரம்பை எவ்வளவு இறக்கினாலும், கேட்கப்படுவது ‘இன்று எவ்வளவு எடை?’ என்ற அதே கேள்விதான்.

மூன்று மாற்றங்கள் சாத்தியமானவை. முதலாவது, தாயின் தகவல் பிள்ளையைப் பின்தொடர வேண்டும். தமிழ்நாடு 2007 முதல் கர்ப்பிணிகள் அனைவருக்கும் கர்ப்பகாலச் சர்க்கரைச் சோதனை செய்யும் கொள்கையை ஏற்றது. கர்ப்பப் பதிவுக்குப் ‘பிக்மி’ எண்ணும் இங்கே உண்டு. அந்தச் சோதனை முடிவும் பிறப்பு எடையும் பிள்ளையின் பள்ளி நலக் குறிப்பேடு வரை வந்தால், யாருக்குச் சோதனை தேவை என்பதைக் கூடுதல் செலவின்றித் தேர்ந்துவிடலாம். இரண்டாவது, பள்ளியில் எடுக்கும் உயரமும் எடையும் ஆண்டுதோறும் ஒரே வரைபடத்தில் தொடர வேண்டும். கோடு விரைந்து ஏறும் பிள்ளை ‘இயல்பு’ வரம்புக்குள் இருந்தாலும் மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டும். மூன்றாவது, ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புதல், திடீர் மெலிவு ஆகியவை தெரிந்தால் எடை எதுவாயினும் அன்றே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். முதல் வகையில் ஒருநாள் தாமதித்தால்கூட இரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

முடிவுரை

சர்க்கரைப் பலகை பள்ளியில் இருக்கட்டும். ஆனால் அது பிள்ளை தானே தேர்ந்தெடுத்துத் தின்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நீரிழிவு அபாயத்தின் ஒரு முக்கியப் பங்கு பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்கும் வயதுக்கு முன்பே, தாயின் ஊட்டத்திலும் சர்க்கரையிலும் உருவாகிவிடுகிறது. ஆகவே சிறார் நீரிழிவுத் தடுப்பை மாணவரின் ஒழுக்கமாகச் சுருக்காமல், தாய்சேய் நலத் திட்டத்தின் தொடர்ச்சியாக வகுப்பதே இந்தியச் சான்றுகளுக்குப் பொருந்தும் கொள்கை.