மேடம் சி. ஜே. வாக்கர்: கூந்தலும் தன்மானமும்

மேடம் சி. ஜே. வாக்கர் (டிசம்பர் 23, 1867 – மே 25, 1919) அமெரிக்கக் கறுப்பினப் பெண் தொழிலதிபர்களுள் முன்னோடி. இயற்பெயர் சாரா பிரீட்லவ். சலவைத் தொழிலாளியாக இருந்தபோது தலைமுடி கொட்டிப்போக, அதைக் காக்கத் தேடிய வழியையே பல்லாயிரம் பெண்களுக்குப் பிழைப்பாக மாற்றியவர். அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணின் தலைமுடி சட்டத்தோடும் வேலையோடும் பள்ளியோடும் பின்னிக் கிடப்பது. அவ்வரலாற்றை வாக்கரின் வாழ்க்கை வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

அடிமைக் காலப் பின்னணி

மேற்கு ஆப்பிரிக்கச் சமுதாயங்கள் பலவற்றில், முடியைப் பின்னியிருக்கும் விதத்தைக் கொண்டே ஒருவரின் குலம், வயது, மணமானவரா என்பதை அறிய முடிந்தது. அட்லாண்டிக் கடல் கடந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குத் தங்கள் சீப்பும் எண்ணெயும் இல்லாமற்போயின; தலைவாரிக்கொள்ள நேரமும் இல்லாமற்போயிற்று. பல தோட்டங்களில் ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். அன்று ஒருவர் தலையை மற்றவர் வாரிப் பின்னிவிட்டனர். மற்ற நாள்களில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வயலுக்குச் சென்றனர்.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெண்களையும் இக்கட்டுப்பாடு விடவில்லை. லூசியானா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, 1786இல் ஆளுநர் எஸ்தெபான் மிரோ ஓர் ஆணை பிறப்பித்தார். கறுப்பின, கலப்பினப் பெண்கள் 'டின்யோன்' எனப்படும் தலைத்துணியால் முடியை மறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர்களுடைய அலங்காரம் வெள்ளையரின் கண்ணை உறுத்தியதே காரணம். பெண்கள் ஆணையை மீறவில்லை. பளபளக்கும் வண்ணத் துணிகளை எடுப்பாகச் சுற்றி, மணிகளும் இறகும் செருகி, அந்தத் துணியையே அணிகலனாக்கிவிட்டனர்.

இளமை

அதே லூசியானாவின் டெல்டா என்ற ஊரில் ஒரு பருத்தித் தோட்டத்தில் சாரா பிறந்தார். பெற்றோர் ஓவனும் மினர்வாவும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அவர்கள் குடும்பத்தில் சுதந்திரப் பிறவியாகப் பிறந்த முதற்குழந்தை சாராவே. ஏழு வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். 14 வயதில் திருமணம். 1885இல் லீலியா என்ற மகள். 20 வயதில் கைம்பெண். கைக்குழந்தையுடன், சகோதரர்கள் முடிதிருத்துநர்களாக இருந்த செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது துணி வெளுக்கும் வேலை. நாள் முழுவதும் உழைத்தால் ஏறக்குறைய ஒன்றரை டாலர்.

முடி உதிர்வும் தொழிலும்

1890களில் சாராவின் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அவருக்கு மட்டும் நேர்ந்த துன்பம் அன்று அது. ஏழைகளின் வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லாததால் தலைக்குக் குளிப்பது அரிதாக இருந்தது. கடுமையான காரச் சோப்பு, சத்துக் குறைந்த உணவு, ஓயாத கவலை ஆகியவையும் சேர்ந்து பலருக்குத் தலையில் பொடுகையும் புண்ணையும் உண்டாக்கின. கடைகளில் விற்ற அழகுப் பொருள்கள் கறுப்பினப் பெண்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை அல்ல.

இக்குறையை முதலில் தொழிலாக எடுத்தவர்களுள் ஒருவர் ஆனி டர்ன்போ. 1869இல் பிறந்த இவரும் கறுப்பினப் பெண்ணே. பிற்காலத்தில் ஆனி மலோன் எனப்பட்டார். 'போரோ' என்ற பெயரில் இவர் நடத்திய நிறுவனம் புகழ்பெற்றது. சாரா சில காலம் இவருடைய விற்பனை முகவராக இருந்தார். 1905இல் டென்வர் நகருக்குச் சென்று, மறு ஆண்டு சார்லஸ் ஜோசப் வாக்கர் என்பவரை மணந்தார். அதன்பின் 'மேடம் சி. ஜே. வாக்கர்' என்ற பெயரில் சொந்தக் களிம்பு ஒன்றை விற்கத் தொடங்கினார். அதன் செய்முறை தமக்குக் கனவில் கிடைத்ததாக அவர் சொல்லிவந்தார். ஆனால் பெட்ரோலியக் களிம்பும் கந்தகமும் கலந்த மருந்துகள் முன்பே வழக்கில் இருந்தவை. அடிக்கடி தலை கழுவுதல், களிம்பு தடவுதல், சீவுதல் ஆகியவற்றை ஒரு முறையாகத் தொகுத்து, வீடு வீடாகச் சென்று கற்பித்ததே அவருடைய சாதனை.

சூடேற்றிய சீப்பு

சூடேற்றிய இரும்புச் சீப்பைக் கண்டுபிடித்தவர் வாக்கர் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. இது சரியன்று. அத்தகைய சீப்புகள் 19ஆம் நூற்றாண்டிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. வாக்கரின் முகவர்கள் அதைப் பயன்படுத்தினர் என்பது உண்மை. அதனால், வெள்ளையரைப்போல் முடியை நேராக்கச் சொல்கிறார் என்ற கண்டனம் அவர் காலத்திலேயே எழுந்தது. தாம் முடியை நேராக்குபவர் அல்லர், முடி வளரச் செய்பவர் என்பது அவருடைய மறுமொழி. இவ்விவாதம் இன்றுவரை முடியவில்லை.

மாநாட்டு மேடை

1910இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிற்சாலை அமைத்தார். 1912இல் சிகாகோவில் தேசிய நீக்ரோ வணிகக் கழகத்தின் மாநாடு நடந்தது. அதன் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவருக்குப் பேச வாய்ப்பளிக்கவில்லை. கடைசி நாளில் வாக்கர் தம் இடத்திலிருந்தே எழுந்து, பருத்தி வயலிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சொந்த நிலத்தில் கட்டிய தொழிற்சாலைக்கும் தாம் வந்து சேர்ந்த கதையைச் சொன்னார். அடுத்த ஆண்டு மாநாட்டில் அவரே அழைக்கப்பட்ட பேச்சாளர்.

1917இல் பிலடெல்பியாவில் தம் முகவர்களின் மாநாட்டைக் கூட்டினார். அதிகம் விற்றவர்களோடு, அதிக அறப்பணி செய்தவர்களுக்கும் பரிசு தந்தார். கறுப்பினத்தவர் மீதான கும்பல் கொலைகளைத் தடுக்கக் கோரி, அம்மாநாடு குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்குத் தந்தி அனுப்பியது. உழைத்துப் பொருளீட்டிய முதல் அமெரிக்கக் கோடீசுவரி என்று வாக்கர் போற்றப்படுகிறார். ஆயினும் அவர் மறைந்தபோது சொத்து ஆறு முதல் ஏழு இலட்சம் டாலர் இருந்திருக்கும் என்பதே பொதுவான மதிப்பீடு.

அழகு நிலையமும் வாக்குரிமையும்

வெள்ளையர் வீட்டில் சமையலோ சலவையோ செய்தவர் அரசியல் பேசினால் மறுநாள் வேலை இருக்காது. முடியலங்காரம் செய்தவருக்கு அந்த அச்சம் இல்லை. அவரிடம் வருவோர் யாவரும் கறுப்பினப் பெண்கள். 1957இல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்தறிவு கற்பிக்கும் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியபோது, அதன் ஆசிரியையாக பெர்னிஸ் ராபின்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஓர் அழகுக்கலைஞர். பட்டம் பெறாத அவரிடம் முதியோர் கூச்சமின்றி எழுத்துக் கூட்டிப் படித்தனர்.

இயற்கை முடியும் சட்டமும்

1960களில் இயற்கையான சுருள்முடியை அப்படியே வளர்க்கும் 'ஆஃப்ரோ' பாணி, இனப் பெருமையின் சின்னமாயிற்று. பணியிடங்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. ரெனீ ரோஜர்ஸ் என்ற விமான நிறுவன ஊழியர், பின்னலைத் தடை செய்த விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். பின்னல் பிறவிக்கூறு அன்று, விரும்பினால் மாற்றிக்கொள்ளக்கூடியது என்று 1981இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முடிபற்றிய பாகுபாட்டை இனப் பாகுபாடாகக் கருதும் 'கிரவுன்' சட்டத்தைக் கலிபோர்னியா 2019இல் இயற்றியது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வாறே செய்தன. நாடு முழுமைக்குமான சட்டம் 2022இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியும் செனட் அவையைக் கடக்கவில்லை.

முடியை நேராக்கும் இரசாயனங்கள் குறித்தும் கவலை உண்டு. 33,497 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. அவற்றை அடிக்கடி பயன்படுத்துவோர் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு 4.05 விழுக்காடு, பயன்படுத்தாதோருக்கு 1.64 விழுக்காடு என்று அது மதிப்பிட்டது. இரண்டுக்கும் தொடர்பிருப்பதை ஆய்வு காட்டுகிறது. அதுவே காரணம் என்று உறுதி செய்யவில்லை.

இந்தியத் தொடர்பு

திருமலையில் பக்தர்கள் காணிக்கையாகத் தரும் முடி ஏலம் விடப்படுகிறது. நீண்ட முடி தரம் பிரிக்கப்பட்டு, பொய்முடியாகவும் இணைப்பு முடியாகவும் ஏற்றுமதியாகிறது. கறுப்பினப் பெண்கள் அதன் முக்கிய வாடிக்கையாளர்கள். 2009இல் வெளிவந்த 'குட் ஹேர்' என்ற ஆவணப்படம் இப்பயணத்தைக் காட்டுகிறது. அகந்தையைத் துறக்க ஒருவர் இறக்கிவைக்கும் முடியை, மதிப்பைப் பெற மற்றொருவர் விலைகொடுத்து அணிகிறார்.

மதிப்பீடு

1786இன் ஆணைக்கும் 2019இன் சட்டத்துக்கும் இடையே 233 ஆண்டுகள். முதலாவது முடியை மறைக்கச் சொன்னது. இரண்டாவது அதை மறைக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை என்றது. இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்த வாக்கரை, முடியை நேராக்கியவர் என்று பழிப்பாரும் பெண்களைத் தலைநிமிரச் செய்தவர் என்று புகழ்வாரும் உண்டு. அவரிடம் பயிற்சி பெற்ற பெண், பிறர் வீட்டுச் சலவைத் தொட்டியை விட்டுத் தன் கையால் சம்பாதித்துத் தன் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. அவரை மதிப்பிடும்போது இதனையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.