தொழிற்சாலைகளுக்கு முன் வந்த பந்தயத் தடம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் சென்னையின் மோட்டார் பந்தயம் வளர்ந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனத் தடம் கண்டது. அங்கே ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது 1998இல். ஆலைக்கு முன்பே ஆட்டம் வந்துவிட்டதை நாம் மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் நடுவயதினர் பணம் கட்டி, ஓய்வுபெற்ற பேஸ்பால் வீரர்களோடு சில நாள் ஆடுவதுண்டு. இங்கும் அத்தகைய ஆசை உண்டு. 1980இல் கீத் கோட் நிறுவிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளி இத்தடத்தில் பயிற்சி முகாம்கள் நடத்தியிருக்கிறது. இளமையில் கைநழுவிய கனவு ஒரு நாள் உயிர்பெறுகிறது. அதை எள்ளி நகையாட நமக்கு மனமில்லை.

ஆனால், அருகிலேயே வண்டிகளைப் பூட்டி முடிக்கும் தொழிலாளிக்கு அக்கட்டணம் எளிதில் எட்டுமா? அவருக்கும் அப்படியொரு நாள் வாய்க்கும்போதே இத்தடத்தின் வரலாறு நிறைவுறும் என்று கருதுகிறோம்.