பாலைவனமும் ஒரு கடல்தான்

ஆபிரிக்கா எண்டு சொன்னவுடன எங்கட மனசில வாறது என்ன? சிங்கம், பஞ்சம், மணல். ஏதோ ஒரு நாட்டைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான் நாங்கள் கதைக்கிறம். ஆனால் அது 54 நாடுகள் கொண்ட, பூமியின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்திருக்கிற கண்டம். அதன் வடபாதியில் சுமார் 90 இலட்சம் சதுர கிலோமீற்றருக்குச் சகாரா விரிந்து கிடக்கிறது. நாங்கள் அதை ஒரு மதில் மாதிரித்தான் விளங்கி வைச்சிருந்தம். மதிலுக்கு அங்கால அரபு உலகம், இங்கால 'கறுப்பு ஆபிரிக்கா'. 'சகாராவுக்குத் தெற்கான ஆபிரிக்கா' எண்ட சொற்றொடரை இண்டைக்கும் அறிக்கைகளில காணலாம்.

உண்மையில் அப்படி ஒரு மதில் இருந்ததா?

முதலில் நிலத்தைப் பார்ப்போம். சுமார் பதினோராயிரம் ஆண்டுகளுக்கும் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் சகாராவின் பெரும்பகுதி புல்வெளியும் ஏரிகளுமாக இருந்தது. இண்டைக்கு அல்ஜீரியாவில் இருக்கிற தசீலி நஜ்ஜேர் மலைப்பாறைகளில் மாட்டு மந்தைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் தீட்டப்பட்டிருக்கின்றன. பிறகு மழை தெற்கே ஒதுங்கியது, நிலம் காய்ந்தது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெடும்போது பாலையாகின்றன எண்டு சிலப்பதிகாரம் சொல்வதை நாங்கள் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறம். சகாராவை விளங்கிக்கொள்ள அது நல்ல வழி. பாலை எண்டது நிலத்துக்கு வந்து சேருகிற ஒரு நிலைமை. எங்கட இலக்கியத்தில பிரிவும் பயணமும் பாலைக்குரியவை என்பதையும் மறக்கக்கூடாது.

கிறிஸ்துவுக்குப் பின்னான முதல் சில நூற்றாண்டுகளில் ஒட்டகம் இங்கே பரவியது. அதோட பாலைவனம் கடலாக மாறியது. நாங்கள் சும்மா உவமைக்காகச் சொல்லேல்ல. பாலைவனத்தின் தெற்கு விளிம்புக்குப் பெயர் சாஹெல். அது 'கரை' எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வலாத்தா, திம்புக்து, காவோ எல்லாம் அந்தக் கரையில் இருந்த துறைமுகங்கள். வடக்கிலிருந்து உப்பும் துணியும் வந்தன. தெற்கிலிருந்து பொன் போனது. 1324இல் மாலியின் பேரரசர் மன்சா மூசா ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் வாரி இறைத்த பொன்னால் அங்கே பொன்னின் விலையே விழுந்தது.

இந்தக் கடலைக் கடந்து எழுதி வைத்தவர் இப்னு பதூதா. எங்களுக்குப் புதியவரல்ல. 1344இல் இலங்கைக்கு வந்து, ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவருடைய உதவியோட பாவா ஆதம் மலை ஏறின அதே மொரோக்கோக்காரர்தான். எட்டு வருடம் கழித்து, 1352இல், சிஜில்மாசாவிலிருந்து ஒரு வணிகக் கூட்டத்தோட தெற்கே புறப்பட்டார்.

இருபத்தைந்து நாளில் தகாஸா வந்தது. அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புக் கட்டிகளால் கட்டப்பட்டிருந்தன, கூரைக்கு ஒட்டகத்தோல். உப்பை வெட்டியவர்கள் மசூஃபா மக்களின் அடிமைகள். அவர்கள் சாப்பிட்ட பேரீச்சம்பழம் வடக்கிலிருந்தும் தானியம் தெற்கிலிருந்தும் வர வேண்டும். வலாத்தாவில் எட்டுப் பத்து மித்கால் பொன்னுக்கு விற்ற ஓர் ஒட்டகச் சுமை உப்பு, மாலியின் தலைநகரில் இருபது முப்பதுக்கு விற்றது. கூட்டம் வருகுது எண்ட செய்தியோட ஒரு ஆள் முன்னால போவார். அவர் வலாத்தா போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து தண்ணியோட ஆட்கள் நாலு நாள் தூரம் எதிர்கொண்டு வருவார்கள். அவர் வழியில செத்தால் கூட்டமே அழிந்துபோகலாம். இவர்களுக்கு வழி காட்டியவருக்கு ஒரு கண் இல்லை, மற்றக் கண்ணிலும் நோய். ஆனாலும் பாதை தெரிந்திருந்தது.

பதூதாவின் கண்ணிலும் குறை இருந்தது. வலாத்தாவில் முஸ்லிம் பெண்கள் முகத்தை மூடாமல் ஆண் நண்பர்களோட கதைச்சது அவருக்குப் பிடிக்கவில்லை. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போவதைப் பார்த்து வியந்து, இதைத் தான் மலபாரில் மட்டுமே கண்டதாக எழுதினார். மாலியின் மன்னர் அனுப்பிய பரிசில் மூன்று ரொட்டியும் இறைச்சித் துண்டும் புளித்த பாலும்தான் இருந்ததைக் கண்டு சிரித்தார். ஆனால் அந்த நாட்டின் பாதுகாப்பையும் நீதியையும் புகழாமல் விடவில்லை. அங்கே இறந்த அந்நியரின் சொத்தில் யாரும் கை வைப்பதில்லை என்கிறார். திரும்பி வரும்போது தன் கூட்டத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் இருந்ததாகவும் எழுதுகிறார், போகிறபோக்கில் ஒரு வரியாக. அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட அதில் இல்லை. கடல் எண்டால் அதில அடிமைக் கப்பலும் ஓடும். சகாராவைப் புகழ்கிற அவசரத்தில நாங்கள் இதைக் கடந்து போகக்கூடாது.

பிறகு மதில் எப்படி வந்தது? பதினைந்தாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் மேற்குக் கரையோரமாக வந்தார்கள். பொன் கொஞ்சம் கொஞ்சமாக அத்திலாந்திக் பக்கம் திரும்பியது. 1884-85இல் பேர்லினில் கூடி ஐரோப்பிய அரசுகள் ஆபிரிக்காவைப் பங்கிடும் விதிகளைப் பேசியபோது ஓர் ஆபிரிக்கர்கூட அந்த மேசையில் இல்லை. பின்னர் போட்ட கோடுகள் நாடுகளானபோது, பாலைவனமெங்கும் மந்தை மேய்த்த துவாரெக் மக்கள் மாலி, நைஜர், அல்ஜீரியா, லிபியா எனப் பிரிந்து போனார்கள்.

இண்டைக்கும் நைஜரின் அகதேஸ் நகரத்திலிருந்து லொறிகளில் இளைஞர்கள் வடக்கே போகிறார்கள். எங்கட வயசுக்காரர்தான். ஐரோப்பா போக நினைக்கிறவர்களும் லிபியாவில் வேலை தேடுகிறவர்களும் அதில இருக்கினம். சிலர் மணலிலேயே செத்துப்போகினம். அன்றைக்கு ஒரு கூட்டம் வருகுது எண்டால் நாலு நாள் நடந்து வந்து தண்ணி குடுத்தார்கள். அதே பாலைவனத்தில இண்டைக்குச் சோதனைச் சாவடி இருக்கு. ஒரு கண்டத்தின் வரைபடத்தை விரிக்கும்போது, அதில் உள்ள கோடுகளை மட்டும் பார்க்காமல், அவற்றுக்கு முன்னால் அங்கே எந்தப் பாதை இருந்தது எண்டும் நாங்கள் கேட்போம்.