ரசமும் ஈயமும்

கல்யாணமாகி அம்பாசமுத்திரத்துக்கு வந்த முதல் மாதமே அம்மா ஆச்சியின் ஈயச் சொம்பை உருக்கிவிட்டாள். அது 1974ஆம் வருஷம். ரசம் வைப்பதற்காகச் சொம்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் புளி கரைக்கத் திரும்பியிருக்கிறாள். மறுபடி பார்க்கும்போது சொம்பின் அடிப்பாகம் வெள்ளிக் குழம்பாகித் தணலில் வழிந்துகொண்டிருந்தது. "ஒரு சொம்பக் காப்பாத்தத் துப்பில்ல, குடும்பத்த எங்குட்டுக் காப்பாத்துவா?" என்று ஆச்சி தெருவுக்கே கேட்கும்படி சொன்னதை அம்மா இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவாள்.

ஈயச் சொம்பு செய்யப்படும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆகவே காலிச் சொம்பை அடுப்பில் வைக்கக்கூடாது. இந்த ஒரு வரியை அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராத ஒன்றைத் தெரிந்துவைத்திருக்கவில்லை என்பதுதான் அவள் மேல் சுமத்தப்பட்ட முதல் குற்றம்.

அதற்குப் பிறகு தெருவில் விற்க வந்தவரிடம் ஆச்சி மலிவாக இன்னொரு சொம்பு வாங்கினாள். அதில் பல வருஷம் எங்கள் வீட்டில் ரசம் கொதித்தது. கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் அந்தச் சொம்பைப் பற்றி எனக்குக் கேள்வி எழுந்தது. தமிழில் ஈயம் என்ற ஒரு சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ஒன்று சமையலுக்கு ஆகும் வெள்ளீயம். மற்றது நஞ்சான காரீயம். ரசம் என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள் உண்டு. ஒன்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறோம். இன்னொன்று பாதரசம். காரீயம், பாதரசம் என்ற இந்த இரண்டு நஞ்சுகளின் கதையும் பெண்களின் அடுக்களை, முகம், கருப்பை, கூலி ஆகிய நான்கின் வழியாகவும் போகிறது.

முதலில் அவற்றின் குணத்தைப் பார்ப்போம். அணு எண் வரிசையில் பாதரசம் 80, காரீயம் 82. இரண்டும் கனமானவை. ஒரு லிட்டர் பாதரசம் பதின்மூன்றரைக் கிலோ இருக்கும். அதே அளவு காரீயம் பதினொன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். பாதரசம் உறைய மைனஸ் 39 டிகிரிக் குளிர் வேண்டும். அதனால் நம் ஊரில் அது எப்போதும் திரவம்தான். திறந்து வைத்தால் நிறமோ மணமோ இல்லாத ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். காரீயம் 327 டிகிரியில் உருகும். நகத்தால் கீறலாம், தகடாகத் தட்டலாம், குழாயாக வளைக்கலாம். ரோமானியர்கள் காரீயக் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் லத்தீன் பெயரான 'பிளம்ப'த்திலிருந்துதான் பிளம்பர் என்ற சொல் வந்தது. திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சியும் குடித்தார்கள். புளிப்புப் பட்டால் காரீயம் கரையும். நம் புளி ரசத்துக்கும் அதே விதிதான்.

பொதிகை மலையின் அடிவாரத்தில் வளர்ந்த எங்களுக்கு அகத்தியரும் சித்தர்களும் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி. இந்திய ரசவாத மரபு பாதரசத்தைச் சிவனின் விந்து என்றும் கந்தகத்தைச் சக்தியின் உதிரம் என்றும் சொல்லும். இரண்டும் கூடினால் சிவந்த சாதிலிங்கம். மாதவிலக்கான பெண்ணை அடுக்களைக்கு வெளியே உட்காரவைத்த சமூகம், மருந்துக் குகையில் மட்டும் அந்த உதிரத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது என்பதை நினைத்து நான் சிரித்திருக்கிறேன்.

சாதிலிங்கத்தைப் போலவே காரீயத்தைச் சுட்டாலும் ஒரு சிவப்பு கிடைக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பும் படிகாரமும் சேர்த்துச் செய்வதே பழைய குங்குமம். வட இந்தியாவில் வகிட்டில் இடும் சிந்தூரத்தில் இந்தச் சிவப்புக் காரீயம் சேர்வதைப் பல பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. சுமங்கலியின் அடையாளத்துக்குள்ளேயே நஞ்சு இருந்திருக்கிறது.

வெள்ளைக்கும் இதே கதைதான். ஐரோப்பியச் சீமாட்டிகள் பல நூற்றாண்டுகள் முகத்தில் வெள்ளைக் காரீயம் பூசினார்கள். இங்கே அந்த வேலையைப் பாதரசம் செய்கிறது. தோலின் கருமைக்குக் காரணமான மெலனின் உருவாவதை அது தடுக்கும். 2014இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பரிசோதித்த 32 சிவப்பழகு கிரீம்களில் 14இல் பாதரசம் இருந்தது. 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில் இத்தகைய கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடியை ஆச்சி 'ரசம் போன கண்ணாடி' என்பாள். அந்தக் காலக் கண்ணாடிகளின் பின்புறம் பாதரசக் கலவையைப் பூசினார்கள். அந்த ரசம் இப்போது கண்ணாடியிலிருந்து பார்க்கிறவளின் முகத்துக்கு வந்துவிட்டது.

கூலியின் கதை வேறு. 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெள்ளைக் காரீயம் பற்றி ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அது தொழில்முறை வண்ணப்பூச்சில் காரீயத்தைக் கையாள 18 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும், எல்லா வயதுப் பெண்களுக்கும் தடை விதித்தது. கேட்பதற்கு நல்ல பாதுகாப்புதான். ஆனால் காரீயம் ஆணின் விந்தணுவையும் கெடுக்கும். அந்த ஆணை யாரும் வெளியே அனுப்பவில்லை. 1978இல் அமெரிக்காவின் வில்லோ தீவில் இருந்த அமெரிக்கன் சயனமிட் ஆலையில், காரீய நிறமிப் பிரிவில் வேலையைத் தக்கவைக்க ஐந்து பெண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டார்கள். 1982இல் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனம், பிள்ளை பெறும் வாய்ப்புள்ள எந்தப் பெண்ணுக்கும் காரீயப் பிரிவில் இடமில்லை என்றது. 1991இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. காற்றிலிருந்து காரீயத்தை எடுப்பது செலவு. பெண்ணை எடுப்பது மலிவு. முதலாளிகள் போட்ட கணக்கு இதுதான்.

நமக்குப் பக்கத்தில் கொடைக்கானல் இருக்கிறது. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இயங்கிய பாண்ட்ஸ் தெர்மாமீட்டர் ஆலையை 1980களின் தொடக்கத்தில் இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் வசமானது. 2001 மார்ச்சில் ஊரின் பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு 7.4 டன் கண்டுபிடிக்கப்பட்டது. அதே வருஷம் ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. தங்கள் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. 2016 மார்ச்சில், முன்பு வேலை செய்த 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. பாதரசம் கையாளும் ஆலைகளில் அது துணியிலும் தலைமயிரிலும் ஒட்டி வீட்டுக்கு வரும். அந்தத் துணியைத் துவைக்கிறவள் எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் இருக்கமாட்டாள்.

இரண்டு உலோகமும் பெண் உடம்புக்குள் நடந்துகொள்ளும் விதத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. காரீயம் சுண்ணாம்புச் சத்தைப் போல வேடம் போட்டு எலும்பில் குடியேறும். அங்கே பல பத்தாண்டுகள் இருக்கும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரையும்போது அதுவும் கூடவே கரைந்து பிள்ளைக்குப் போகும். சின்ன வயதில் உள்ளே போனது பேறுகாலத்தில் வெளியே வரும். இரும்புச் சத்து குறைந்த உடம்பு காரீயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவள் இந்த நஞ்சுக்கும் அதிகமாக ஆளாகிறாள்.

பாதரசம் இவ்வளவு காலம் எலும்பில் காத்திருக்காது. ஆனால் அது நீரில் சேர்ந்து, நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாகி மீனில் ஏறும்போது நஞ்சுக்கொடியைத் தாண்டும். ஜப்பானின் மினமாட்டாவில் ஓர் ஆலையின் கழிவில் மெத்தில் பாதரசமே கடலில் கலந்தது. நோய் 1956இல் வெளியே தெரிந்தது. கருப்பையில் இருக்கும் பிள்ளையை நஞ்சுக்கொடி காக்கும் என்றே மருத்துவர்கள் அப்போது நம்பினார்கள். நலமாகத் தெரிந்த தாய்களுக்குக் கைகால் முடங்கிய பிள்ளைகள் பிறந்தன. தாயின் நஞ்சைப் பிள்ளை வாங்கிக்கொண்டிருந்தது. தாய்மார்கள் காயவைத்துப் பத்திரப்படுத்திய தொப்புள்கொடிகளைச் சோதித்தபோது அதற்குச் சாட்சி கிடைத்தது. நம் ஊரிலும் தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து வைப்பார்கள். பெண்கள் சேர்த்துவைத்த இத்தகைய பொருள் அங்கே அறிவியலுக்கு ஆவணமானது.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் அம்மாவுக்கு இரண்டு கர்ப்பம் கலைந்தது. "சொம்ப உருக்குன ராசி" என்று ஆச்சி அதையும் சொம்போடு முடிச்சுப் போட்டாள். கல்லூரி விடுமுறையில் அந்த இரண்டாவது சொம்பை எடுத்து வெள்ளைத்தாளில் தேய்த்தேன். கறுப்புக் கோடு விழுந்தது. நகம் வைத்துக் கீறினால் பதிந்தது. சுத்த வெள்ளீயம் இத்தனை இளக்கமாக இருக்காது. காரீயம் மலிவு என்பதால் பாத்திரத்திலும் ஈயம் பூசும்போதும் அதைக் கலப்பது ஊரறிந்த மோசடி. அந்தச் சொம்பால்தான் கர்ப்பம் கலைந்தது என்று சொல்ல ஒரு கோடு போதாது. ஆனால் ராசிதான் காரணம் என்று சொன்னவர்கள் அந்த ஒரு கோடுகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ மொதச் சொம்பு நல்ல ஈயம்தான், என்னட்டி?" என்று கேட்டாள். ஆமாம்மா, நல்ல வெள்ளீயமாகத்தான் இருந்திருக்கும் என்றேன். அன்றைக்கு ராத்திரி அம்மா எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்தாள். அந்த இரண்டாவது சொம்பைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. யாரும் புழங்காதபடி அதன் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுப் பரணில் வைத்தாள்.