குறுந்தட்டில் ஒலி எழுதிய வரலாறு

செய்தி ஒன்றேயாயினும், எழுதிய முறை படிப்போர் அறியாததாயின் அஃது அவர்க்குப் பயன்படாது. எழுத்துக்குரிய இவ்வுண்மை ஒலிப்பதிவுக்கும் பொருந்தும். கணிப்பொறியில் இனிது ஒலிக்கும் பாட்டைக் குறுந்தட்டில் பதித்துப் பழைய இயக்கியில் இட்டால், அது வாய் திறவாதிருத்தல் உண்டு. இதன் காரணம் குறுந்தட்டின் வரலாற்றிலேயே அமைந்துள்ளது.

1980-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் இணைந்து இசைக் குறுந்தட்டுக்கு விதி வகுத்தன. அவ்விதித் தொகுப்பு அட்டையின் நிறத்தால் 'செந்நூல்' எனப் பெயர் பெற்றது. தட்டின் விட்டம் 12 சென்டிமீட்டர். ஒலியை நொடிக்கு 44,100 முறை அளத்தல் வேண்டும். ஒவ்வோர் அளவையும் 16 இரும இலக்கங்களால் குறித்தல் வேண்டும். அந்நாளில் எண்முறை ஒலியைச் சேமிக்க வீடியோ நாடாக் கருவிகளே பயன்பட்டன. படத்தின் வரிக்கு 3 அளவாக 245 வரிகளில், நொடிக்கு 60 முறை எழுதினால் கிடைப்பது 44,100. அவ்வெண் பிறந்த வகை இதுவே. 1982 அக்டோபர் 1-ஆம் நாள் முதல் இயக்கி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

அக்காலத் தட்டுகள் ஆலையில் அச்சிடப்பட்டவை; கேட்போர் அவற்றில் எழுத இயலாது. எழுதத்தக்க வேறு ஒளித்தட்டுகள் இருந்தும், அவை போதிய ஒளியை எதிரொளிக்காமையால் இசை இயக்கிகள் அவற்றைப் படிக்கவில்லை. 1988-ஆம் ஆண்டில் ஜப்பானின் தையோ யூடன் நிறுவனத்தார் இவ்விடரைத் தீர்த்தனர். சாயப் படலம் ஒன்றை இட்டு, அதன்மேல் பொன் படலம் பூசினர். லேசர் கதிரின் சூட்டால் சாயம் மாறும் இடங்கள், அச்சிட்ட தட்டின் குழிகளைப் போலவே இயக்கிக்குத் தோன்றின. மக்கள் முன்பே வாங்கியிருந்த இயக்கிகளை மாற்ற வேண்டா என்பதே இதன் சிறப்பு.

எனினும் தட்டு மட்டும் பொருந்தினால் போதாது. எழுதும் முறையும் செந்நூலுக்கு இசைதல் வேண்டும். இசைத்தட்டில் நொடிக்கு 14,11,200 இரும இலக்கங்கள் ஓடுகின்றன. எம்பி3 கோப்போ 1,28,000 இலக்கங்களிலும் அடங்கும். ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு. அதனை அப்படியே கோப்பாகப் பதித்தால் பழைய இயக்கி அறியாது; விரித்து இசைத்தட்டு முறையில் எழுதினால் பாடும். இறுதியில் தட்டை 'முடித்தல்' செய்து, பாட்டுகளின் தொடக்க இடங்களைக் காட்டும் பொருளடக்கத்தையும் உள்விளிம்பில் பொறித்தல் வேண்டும். அஃதின்றேல் பழைய இயக்கிக்குத் தட்டு வெற்றிடமே.

இங்கு மறத்தலாகாதன இரண்டு. சுருக்கும்போது நீக்கிய ஒலிக்கூறு விரிக்கும்போது மீளாது. சாயமும் வெயிலாலும் வெப்பத்தாலும் நாளடைவில் கெடும். ஆதலின் மூத்தோர் குரலையும் அரிய உரையையும் காக்க விழைவோர், சுருக்காத மூலத்தைத் தனியே போற்றி வைத்தலும், பழையது கெடுமுன் புதுப்படி எடுத்தலும் கடனாகும். நைந்த ஏட்டைப் புத்தேட்டில் பெயர்த்தெழுதி நூல்களைக் காத்த மரபினர்க்கு இக்கடமை புதிதன்று.